மல்லி பூத்துவிட்டது, தலையில் வைக்கிற மல்லி இல்லை

மாடியில் இரண்டு பையில் கொத்தமல்லி போட்டிருந்தேன். பிப்ரவரி வரை அருமையாக வந்தது. மார்ச்சில் வெயில் ஏறியதும் நடுவில் ஒரு தண்டு விறுவிறுவென்று எழும்பியது. மேலே வந்த இலையெல்லாம் சோம்புத் தழை மாதிரி நூல் நூலாகிவிட்டது. கீழ்வீட்டு அக்காவிடம் “மல்லி பூத்துடுச்சுக்கா” என்றேன். “ரெண்டு முழம் கட்டிக் கொடேன்” என்கிறார்!

துளசியில் கதிரைக் கிள்ளினால் துளிர்க்கிறதே என்று இதிலும் தண்டை வெட்டினேன். ஒரே வாரத்தில் பக்கத்திலிருந்து நான்கு தண்டு, நான்கிலும் மொட்டு. இலை மட்டும் வரவே இல்லை. ஒரு பையைப் பிடுங்கிக் கொட்டிவிட்டேன். இன்னொன்று அப்படியே நிற்கிறது. உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

*

பிடுங்காதீர்கள் தம்பி. மல்லி ஒரு போகத்துச் செடி. சூடு பட்டதும் விதைக்குப் போய்விடும், வெட்டித் திருப்ப முடியாது. நானும் இரண்டு வருடம் அதனோடு மல்லுக்கட்டியவள்தான். மூன்றாவது வருடம் சலித்துப்போய் விட்டுவிட்டேன். அந்த வெள்ளைப் பூவுக்குத் தேனீ வந்தது, குளவி மாதிரி வரி போட்ட சின்ன ஈக்களும் வந்தன. அந்த ஈயின் புழு, செடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும், அதனால் பக்கத்தில் கத்தரி இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் காய். பச்சையாக இருக்கும்போதே பத்துப் பறித்து, மிளகோடு தட்டி ரசத்தில் போட்டுப் பாருங்கள். இலை வாசமும் தனியா வாசமும் சேர்ந்து வரும். கடையில் கிடைக்காத சாமான் அது.

மீதியைப் பழுப்பாகும் வரை விட்டு, தண்டோடு அறுத்துக் காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை உண்டு. லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஐப்பசி கார்த்திகையில் விதையுங்கள். கோடையில் போட்டால் மறுபடி இதே கதைதான்.

*

என் அனுபவம் திருநீற்றுப்பச்சிலையோடு. அது கிள்ளினால் கேட்கும் செடி. கதிர் தலைகாட்டியதும் அதை மட்டும் பிய்க்காமல், கீழே ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே வெட்டுவேன். அந்தக் கணுவில் இரண்டு கிளை வரும்.

போன வருடம் ஊருக்குப் போய் இருபது நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்தால் செடி முழுக்கக் கதிர், இலை சிறுத்து, தண்டு கட்டையாகிக் கிடந்தது. ஒரு செடியைப் பாதிக்கு வெட்டினேன், கொஞ்சம் இலையை விட்டு வைத்துத்தான். மொட்டையாக அறுத்தால் சில சமயம் பிழைக்காது. இன்னொன்றைக் காயவிட்டு, கதிர்களை முறத்தில் தேய்த்துப் புடைத்தேன். இரண்டு ஸ்பூன் கறுப்பு விதை. “இது சப்ஜாதானே?” என்று என் மகள் கேட்ட பிறகுதான் உறைத்தது. காசு கொடுத்து வாங்கிய விதை இத்தனை நாளாக என் தொட்டியிலேயே இருந்திருக்கிறது! ஊறவைத்து நன்னாரி சர்பத்தில் போட்டோம்.

*

புதினாவுக்கு யோசனையே வேண்டாம். பூ வந்தால் மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு மொத்தமாக அறுத்துவிடுவேன், தழைத்துவிடும்.

கறிவேப்பிலையில்தான் சண்டை. தொட்டிச் செடி சின்னதாக இருக்கையில் பூங்கொத்தைக் கிள்ளினால் இலை நன்றாக வரும். மாமியார் பூவைக் கிள்ள விடமாட்டார். சரியென்று விட்டேன். பழம் கறுத்ததும் குயில் வந்து தின்றது. இப்போது பக்கத்து வீட்டு ரோஜாத் தொட்டியில் இரண்டு கறிவேப்பிலைக் கன்று!

*

நன்றி அக்கா. மிச்சமிருந்த பையில் இன்று காலை பச்சைக் காய் பார்த்தேன். எண்ணிப் பதினான்கு பறித்தேன். ராத்திரி ரசம். கீழ்வீட்டு அக்காவுக்கும் ஒரு கிண்ணம், பூ கட்டிக் கொடுக்காததற்கு.