கையைக் கடிக்காத சால்வடோர்: அனுபவப் பகிர்வு

பிரேசிலின் சால்வடோர் நகரில் 2019ஆம் ஆண்டு எட்டு நாட்கள் தங்கினேன். கையிருப்பு குறைவு என்பதால், பெலோரின்யோ பகுதியில் பத்துப் பேர் ஒரே அறையில் படுக்கும் விடுதியில் மேல்கட்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பெலோரின்யோ என்றால் கசையடித் தூண் என்று பொருள்; அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த தூணின் பெயரே, 1985 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அந்தப் பழைய நகரப் பகுதிக்கு நிலைத்துவிட்டது.

நகரம் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகளில் இருக்கிறது. 1873இல் திறக்கப்பட்ட லசெர்டா லிஃப்ட், 72 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் வழியே நொடிகளில் நம்மைக் கீழே இறக்கிவிடுகிறது. நான் சென்றபோது கட்டணம் 15 சென்டாவோதான், அதாவது சில்லறைக் காசு. இறக்கப் பாதைகளில் வழிப்பறி உண்டு என்று விடுதியில் எச்சரித்திருந்ததால், நடந்து இறங்கும் ஆசையை விட்டுவிட்டேன்.

மதிய உணவுக்குத் தட்டை நிறுத்து விலை போடும் கடைகளே எனக்குக் கைகொடுத்தன. முதல் நாள், நம் ஊர்ப் பழக்கத்தில் பீன்ஸ் குழம்பைச் சோற்றின் மேல் தாராளமாக ஊற்றிக்கொண்டு தராசில் வைத்தபோதுதான், நீருக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம் என்பது உறைத்தது. மறுநாள் முதல் குழம்பைக் கரண்டியால் வடித்து எடுத்தேன்.

மாலையில் அகராஜெ. வெள்ளைப் பாவாடையும் தலைப்பாகையும் அணிந்த பெண்கள், தோல் நீக்கி அரைத்த காராமணி மாவைக் கரண்டியில் அள்ளி, செந்நிறப் பனையெண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். மசால் வடையின் தூரத்து உறவு என்று தோன்றும். ஆனால் அதை நடுவே கீறி, வதபா என்னும் கூழையும் உலர்ந்த இறாலையும் உள்ளே அடைத்துத் தருகிறார்கள். சைவம் உண்பவர்கள் ஏமாற வேண்டாம், கூழிலும் இறால் உண்டு. என்னிடம் அந்த அம்மாள் "கென்ச்சி ஓ ஃப்ரியு?" என்று கேட்டார். சூடாகவா, ஆறியதா என்று கேட்பதாக நினைத்து, சூடாக என்றேன். அங்கே சூடு என்றால் மிளகாய் விழுது என்பது முதல் கடியில் விளங்கியது. பல நாட்களாக உப்புச்சப்பில்லாமல் உண்டு வந்த எனக்கு அது வரமாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை, கறுப்பின மக்களின் ரொசாரியோ தேவாலயத்தில் நடக்கும் பூசைக்குச் சென்றேன். அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் ஓய்வு நேரங்களில் உழைத்து 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் அது. பாடற்குழுவோடு ஆப்பிரிக்க முரசுகள் ஒலிக்க, ரொட்டிக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஆடியபடியே பீடத்தை நோக்கி வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்தப் பயணத்தில் நான் கண்டவற்றுள் அதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

*

மேலே எழுதிய நண்பருக்கு வணக்கம். நான் போர்ட்டோ த பாஹா கடற்கரைக்கு அருகில் தங்கினேன். பிரேசிலின் கிழக்குக் கரையில் இருந்தாலும் அந்தக் கடற்கரை வளைகுடாவை நோக்கி மேற்கே திரும்பியிருப்பதால், சூரியன் நீரிலேயே மறைகிறது. கரித்தணல் போட்ட தகரவாளியைக் கையில் தொங்கவிட்டு வரும் இளைஞர்கள், குச்சியில் செருகிய பாலாடைக்கட்டியை நம் முன்னாலேயே வாட்டித் தருகிறார்கள். விரும்பினால் மேலே வெல்லப்பாகும் உண்டு. பல நாட்கள் எனக்கு இரவுச் சாப்பாடே அதுதான்.

எச்சரிக்கை ஒன்று: பழைய நகரில் ஒருவர் "அன்பளிப்பு" என்று சொல்லி என் மணிக்கட்டில், அந்த ஊர் பொன்ஃபிம் தேவாலயத்தின் பெயரைத் தாங்கிய ரிப்பனைக் கட்டினார். மூன்று முடிச்சு, முடிச்சுக்கு ஒரு வேண்டுதல், அது தானாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது. மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் பாசிமாலை ஒன்றை நீட்டி விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார். பேரம் பேசி, கேட்டதில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். அந்தப் பாசிமாலை, நான் ஊர் திரும்புவதற்குள் அறுந்துவிட்டது. ரிப்பன் இன்னும் கையில்தான் இருக்கிறது.