நாய்க்கான முதலுதவிப் பெட்டியில் என்னென்ன வைக்கலாம்?

கேள்வி:
எங்கள் சிப்பிப்பாறை நாய் தோட்டத்து முள்வேலியைத் தாண்டும்போது முன்னங்காலைக் கிழித்துக்கொண்டது. கால்நடை மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், வீட்டிலேயே ஒரு முதலுதவிப் பெட்டி வைக்க விரும்புகிறேன். நாம் பயன்படுத்தும் மருந்துகளையே அதற்கும் தரலாமா?

மறுமொழி 1:
நம் வலி மாத்திரைகளை அதில் சேர்க்காதீர்கள். பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகிவிடக்கூடும். காயத்தைக் கழுவச் சலைன், போவிடோன் அயோடின், காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள்ளெடுக்க இடுக்கி ஆகியவை போதும். அயோடினை அப்படியே ஊற்றாமல், பால் சேர்க்காத வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். கட்டுக்கு அடியில் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் பாதம் வீங்கிவிடும்.

மறுமொழி 2:
எனக்கு முதலில் தேவைப்பட்டது பழைய வேட்டியில் கிழித்த ஒரு நீளத் துண்டுதான். வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால் அந்தத் துண்டால் அதன் வாயைக் கட்டினேன். ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் அவ்வாறு கட்டக் கூடாது. டிஜிட்டல் வெப்பமானி ஒன்றும் தனியாக வைத்திருங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பது நாய்க்கு இயல்பு. நமக்கென்றால் அது காய்ச்சல்!

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பாம்பு கடித்தால் என்ன செய்வது?

மறுமொழி 1:
பெட்டியைத் தேடாமல் வண்டியை எடுங்கள். கடிவாயைக் கீறாமலும் கயிற்றால் கட்டாமலும், நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். நஞ்சுமுறி மருந்து இருப்பில் உள்ளதா என்று வழியிலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.