கபடி ஆடும் தம்பிக்கு ஏ.சி.எல். ஆபரேஷன்: ஹேம்ஸ்ட்ரிங்கா, பட்டெல்லரா?

கோடு_தொடு: தம்பிக்கு 19 வயது, கபடி ரைடர். ரெய்டில் கால் ஊன்றியபடி உடம்பு திரும்பி, முட்டியில் ‘டக்’கென்று சத்தம். முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து வைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுதாகக் கிழிந்துவிட்டது. கிராஃப்டுக்கு, அதாவது கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக வைக்க, எந்த நாரை எடுப்பது என்று யோசித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆட்டம் இல்லாத நாளில் அப்பாவோடு டைல்ஸ் வேலைக்குப் போவான்.

கோல்போஸ்ட்: பட்டெல்லர்தான். முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் நாரை இரண்டு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பார்கள். எலும்போடு எலும்பு சுமார் 6 வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ஹேம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசையின் நார், எலும்பில் போடும் துளைக்குள் பிடிக்க 8 முதல் 12 வாரம். சின்ன வயதில் வெட்டித் திரும்பும் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு ஹேம்ஸ்ட்ரிங் மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பும் கூடுதல்.

ரசமட்டம்: டைல்ஸ் வேலை என்று எழுதியிருக்கிறாரே, அதைப் பார்த்தீர்களா? எனக்கும் பட்டெல்லர்தான், மூன்று வருஷம் ஆச்சு. முட்டி உறுதியாக நிற்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மண்டி போட்டு, ரப்பர் சுத்தியலால் கல்லைத் தட்டி மட்டம் பார்க்கும்போது தழும்புக்குக் கீழே சுருக்கென்று குத்தும். சாக்கை நாலாக மடித்துப் போட்டாலும் பத்து நிமிஷம்தான். அப்புறம் எழுந்து நின்றுதான் ஆக வேண்டும். ஹேம்ஸ்ட்ரிங் எடுக்கச் சொல்லுங்கள்.

கோல்போஸ்ட்: வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் அண்ணே, அறுந்தால் இன்னொரு ஆபரேஷன். முட்டியை மடக்கி இழுக்கும் பலமே ஹேம்ஸ்ட்ரிங்தான். காலைப் பிடித்தவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட அது வேண்டாமா?

ரசமட்டம்: கபடி இன்னும் பத்து வருஷம் ஆடுவானா தம்பி? மண்டி போடும் வேலை அறுபது வயது வரைக்கும்.

பிசியோ_அக்கா: இரண்டு பேருமே மூன்றாவது வழியை விட்டுவிட்டீர்கள். முட்டிச்சில்லுக்கு மேலே இருக்கும் குவாட் நார். தடிமனாகக் கிடைக்கும், மண்டி போடும்போது வலியும் பட்டெல்லரை விடக் குறைவு. முன்தொடைப் பலம் திரும்பத்தான் பயிற்சி நிறைய வேண்டும். ஹேம்ஸ்ட்ரிங் என்றால், மடித்த நார் 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். ஆள் ஒல்லியாக இருந்தால் மெலிசாக அமையலாம். இறந்தவரிடமிருந்து எடுக்கும் நார் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம், சீக்கிரம் அறுகிறது. எதை வைத்தாலும் 9 மாதத்துக்கு முன் களத்தில் இறக்காதீர்கள்.

கோல்போஸ்ட்: குவாட் என்றால் எனக்கும் சரி. ஆனால் அதை அடிக்கடி செய்து பழகிய டாக்டராக இருக்க வேண்டும்.

கோடு_தொடு: தம்பியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ரசமட்டம் அண்ணன் சொன்ன சாக்கு விஷயத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னான். ஆள் ஒல்லிதான். நாளைக்கு டாக்டரிடம் முதல் கேள்வி, குவாட் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்பதுதான்.