கோடு வட்டத்தை வெட்டுதா, தொடுதா? கிராஃப்ல கண்ணுக்கே பிடிபடல

பென்சில்முனை:
ஒரு செவ்வகம், மூலைவிட்டம் 5 செமீ, சுற்றளவு 14 செமீ, பக்கம் எவ்ளோன்னு கிராஃப் போட்டு கண்டுபிடிக்கணும். எக்ஸ்² + ஒய்² = 25ன்னு வட்டம் போட்டேன், எக்ஸ் + ஒய் = 7க்கு (7, 0), (0, 7) ரெண்டையும் சேர்த்து கோடு போட்டேன், அது போய் வட்டத்தோட ஒட்டிக்கிட்டு நிக்குது, எங்க வெட்டுதுன்னே தெரியல, (3.5, 3.5)ல தொட்டுட்டு போற மாதிரிதான் இருக்கு. விடையில 3, 4ன்னு போட்டிருக்கு. மூணு தடவ அழிச்சு அழிச்சு ஷீட்டே கிழிஞ்சுபோச்சு. எங்க தப்பு பண்றேன்?

அரைக்கணக்கு:
தப்பே இல்லங்க. (3.5, 3.5)ஐ வட்டத்துல போட்டு பாருங்க, 12.25 + 12.25 = 24.5தான் வரும், 25 இல்ல. அப்ப அந்த புள்ளி வட்டத்துக்கு உள்ள இருக்கு. எவ்ளோ உள்ள? மையத்துலேருந்து கோட்டுக்கு தூரம் 7/√2, சுமார் 4.95, ஆரம் 5. இடைவெளி அரை மில்லிமீட்டர்! பென்சில் கோடே அவ்ளோ தடிமன் இருக்குமே, அப்புறம் எப்படி கண்ணுக்கு தெரியும்

கட்டம்போட்டசட்டை:
முழு வட்டம் எதுக்கு, எக்ஸ் 2.5லேருந்து 4.5 வரைக்கும் மட்டும் எடுத்துக்கிட்டு 1 யூனிட்டுக்கு 4 செமீ வைங்க. காம்பஸ் வேணாம், (2.5, 4.33), (3, 4), (3.5, 3.57), (4, 3), (4.5, 2.18) புள்ளி வச்சு கையால வளைச்சு விடுங்க. அரை மிமீ 2 மிமீ ஆயிடும்.

சாய்கோடு:
பெருசாக்குனாலும் கோடு வட்டத்தை சுமார் 8 டிகிரில உரசிட்டுதான் போகும், அதான் வெட்டுற இடம் வழுக்குது. அதே புள்ளி வழியா போற வேற கோட்டை பிடிங்க. 7² = 49, அதுல 25 போக 24, இது 2 × எக்ஸ் × ஒய். அந்த 24ஐ 25லேருந்து கழிச்சா (எக்ஸ் − ஒய்)² = 1. ஆக எக்ஸ் − ஒய் = 1, இல்லன்னா −1. ரெண்டையும் போடுங்க, உங்க கோட்டை செங்குத்தா வெட்டும்.

பென்சில்முனை:
போட்டேன், பெருக்கல் குறி மாதிரி பளிச்சுன்னு (4, 3)லயும் (3, 4)லயும் வெட்டுது, நன்றி! ஆனா ஒண்ணு, இவ்ளோ அல்ஜீப்ரா பண்ணதுக்கப்புறம் கிராஃப் எதுக்கு, மனசுலயே போட்டுடலாமே 😅

அரைக்கணக்கு:
விடைக்கு வேணாம்தான். ஆனா சுற்றளவை 15ன்னு மாத்தி கோட்டை நகர்த்தி பாருங்க, வட்டத்தை விட்டு 3 மிமீ வெளிய போயிடும், அப்படி ஒரு செவ்வகமே கிடையாதுன்னு பார்த்ததுமே தெரியும். கோடு சரியா தொடறது சுற்றளவு சுமார் 14.14 ஆகும்போது, அப்ப அது சதுரம். உங்களுக்கு குடுத்தது 14, அதான் சதுரம் மாதிரியே ஏமாத்திடுச்சு.