திரையில் பாக்கெட் ஓடுகிறது, வரைபடத்தில் என் ஐகேட் இல்லை. ரௌட்டரில் போர்ட் திறக்கணுமா?

மேலூர்க்காரன்:

வணக்கம். ஒரு வாரமாக ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பார்த்தும் பிடிபடவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். வீடு மதுரைப் பக்கம் மேலூரில். மொட்டை மாடியில் இரண்டு மீட்டர் பேண்டுக்கு (144 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) நானே செய்த ஜே-போல் ஆண்டெனா, அதிலிருந்து கேபிள் இறங்கி மாடி அறையில் ரேடியோ சிக்னலைக் கேட்கும் ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள், ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினி, அதில் பாக்கெட்டை டீகோட் செய்யும் டைர்வுல்ஃப் மென்பொருள். காற்றில் வரும் ஏபிஆர்எஸ் பாக்கெட்டை, அதாவது ஹாம் ரேடியோக்காரர்கள் இருப்பிடம் போன்றவற்றைச் சொல்லி அனுப்பும் சிறு தரவுத் துண்டுகளை, கேட்டு இணையத்தில் ஏற்றிவிடும் ஐகேட். கேட்பது மட்டும்தான், டிரான்ஸ்மிட் கிடையாது.

பாக்கெட் நன்றாகவே டீகோட் ஆகிறது. என் கைரேடியோவில் இருந்து அனுப்பினால் திரையில் வரி வருகிறது, 145.825-இல் வைத்துவிட்டுக் காத்திருந்தபோது விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகையில் நாலைந்து வரி வந்தது, அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன், யாரும் ரசிக்கவில்லை. ஆனால் வரைபடத்தில் என் ஐகேட் வரவே இல்லை. போனில் உள்ள ஏபிஆர்எஸ் செயலியில் இருந்து அனுப்பினால் மட்டும் புள்ளி வருகிறது, ஆக ரேடியோ பக்கம் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன்.

ஏபிஆர்எஸ் சர்வரோடு பேசும் 14580 போர்ட் மூடியிருக்கிறது போல. இணைய இணைப்பு தருபவர்களுக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் பாட்டு கேட்டபிறகு, உங்களுக்குப் பொது ஐபி கிடையாது, ஸ்டேட்டிக் ஐபி வாங்கினால்தான் போர்ட் திறக்க முடியும், அதற்குத் தனிக் காசு என்றார்கள். இப்போதைக்கு பையை ரௌட்டரில் டிஎம்இசட்-இல் (வெளியிலிருந்து வருவதை எல்லாம் அதற்கே திருப்பிவிடும் அமைப்பு) போட்டு வைத்திருக்கிறேன். அதிலும் பலன் இல்லை.

இன்னொரு தலைவலியும் உண்டு. மடிக்கணினியில் உள்ள வரைபட மென்பொருளை பையின் 8001 போர்ட்டோடு இணைத்தால், மாடியில் உட்கார்ந்திருந்தால் வேலை செய்கிறது, கீழே ஹாலுக்கு வந்தால் இணைப்பு இல்லை என்கிறது. வைஃபை சிக்னல் இரண்டு இடத்திலும் முழுசாகத்தான் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்குள் இதைச் சரி செய்துவிட ஆசை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தல்லாகுளம் பக்கம் செல்போன் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

சிம்மக்கல் சால்டரிங்:

முதலில் அந்த டிஎம்இசட்-ஐ எடுங்க அண்ணே. இதைப் படித்து முடிப்பதற்கு முன்னாடியே எடுங்க. பையின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. உங்களுக்குப் பொது ஐபி இல்லாததால் இந்தத் தடவை தப்பித்தீர்கள். நாளைக்கு ஒரு டிரான்ஸ்மிட்டரையும் இதில் மாட்டினால், அந்த 8001-ஐ எட்ட முடிந்த எவனும் உங்கள் உரிமத்தின் அழைப்புக்குறியில் சிக்னல் விடலாம், அது கடவுச்சொல் எதுவும் கேட்காத போர்ட்.

ஸ்டேட்டிக் ஐபிக்குக் காசு கட்ட வேண்டாம். ஐகேட் யாரையும் வீட்டுக்குள் வரவழைப்பதில்லை, அதுதான் வெளியே போய் ஏபிஆர்எஸ் சர்வரின் 14580-ஐத் தட்டுகிறது. தபால் பெட்டியில் கடிதம் போடப் போகிறவன் தன் வீட்டு வாசலைத் திறந்து வைத்துவிட்டா போகிறான்? உங்கள் இணைப்பை நூறு வீட்டோடு ஒரே ஐபியில் பகிர்ந்திருந்தாலும் இது வேலை செய்யும். சந்தேகம் இருந்தால் பையில் இருந்தே ஏசியா டாட் ஏபிஆர்எஸ்2 டாட் நெட் என்ற சர்வருக்கு 14580-இல் டெல்நெட் போட்டுப் பாருங்க. # குறியோடு தொடங்கி சர்வர் மென்பொருளின் பெயரைச் சொல்லும் ஒரு வரி வந்தால் பாதை திறந்திருக்கிறது, அதன் பிறகு ரௌட்டரைக் குறை சொல்லக் கூடாது. வரவில்லை என்றால் ஃபைபர் பெட்டியில் ஃபயர்வால் 'ஹை' என்று வைத்திருக்கிறதா பாருங்க, சில பெட்டிகள் அப்படி வைத்தால் பழக்கமான போர்ட்டுகளைத் தவிர மற்றதை வெளியேயும் விடாது.

டைர்வுல்ஃப் தொடங்கியதும் சர்வர் என்ன பதில் சொல்கிறது என்று அந்த வரிகளை இங்கே போடுங்க. போன் செயலியில் வந்த புள்ளியின் கச்சா பாக்கெட்டையும் எடுத்துப் போடுங்க, புள்ளியை மட்டும் பார்த்து ரேடியோ நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீங்க.

மேலூர்க்காரன்:

டிஎம்இசட் எடுத்துவிட்டேன். பாஸ்வேர்டு பற்றிக் கேட்காதீர்கள், இப்போது மாற்றிவிட்டேன்.

டெல்நெட்டில் # வரி உடனே வந்தது. டைர்வுல்ஃப் தொடங்கும்போது சர்வர் அனுப்பும் 'லாக்ரெஸ்ப்' வரியில் என் அழைப்புக்குறிக்குப் பக்கத்தில் 'அன்வெரிஃபைட்' என்று இருக்கிறது. இணைப்பு கிடைத்துவிட்டதே என்று அதை நான் கண்டுகொள்ளவில்லை. போன் பாக்கெட்டின் பாதையில் டிசிபிஐபி என்றும், அப்புறம் கியூஏசி என்றும் இருக்கிறது. இது எதைக் குறிக்கிறது?

சிம்மக்கல் சால்டரிங்:

எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. அன்வெரிஃபைட் என்றால் சர்வர் உங்களை உள்ளே உட்கார வைத்திருக்கிறது, வேடிக்கை பார்க்கலாம், நீங்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளாது. எத்தனை பாக்கெட் அனுப்பினாலும் குப்பைக்கூடைக்குத்தான். பாஸ்கோடு தவறு. அது அழைப்புக்குறியில் இருந்து கணக்குப் போட்டு எடுக்கிற எண், ஒரே ஆளின் வேறு வேறு நிலையங்களைப் பிரித்துக் காட்டப் பின்னால் வரும் -10, -7 எல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

கியூஏசி என்றால் அந்த பாக்கெட் நேராக இணையம் வழியாகவே சர்வருக்கு வந்தது என்று பொருள். ரேடியோவில் கேட்டு ஒரு ஐகேட் ஏற்றியிருந்தால் கியூஏஆர் அல்லது கியூஏஓ என்று இருக்கும், கூடவே ஏற்றிய ஐகேட்டின் பெயரும் இருக்கும். உங்கள் போன் செயலி மொபைல் டேட்டாவில் நேராகப் போயிருக்கிறது. ஆண்டெனாவைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தாலும் அந்தப் புள்ளி வந்திருக்கும்.

ஒரு கேள்வி. போனில் பாஸ்கோடு சரியாக இருக்கிறது, பையில் இல்லை. இரண்டும் ஒரே அழைப்புக்குறிதானா?

மேலூர்க்காரன்:

அடக் கடவுளே. போன வருடம் ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் இருந்து ஜெனரலுக்குத் தேர்வு எழுதி, வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி போய் வியூ2 வந்தது. பையில் புது அழைப்புக்குறியைப் போட்டேன், பாஸ்கோடு பழைய வியூ3-க்கு எடுத்ததையே வைத்திருக்கிறேன். போனில் இரண்டுமே பழசு, அதனால் அது ஓடியிருக்கிறது.

திருநகர் தாத்தா:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தம்பி, முதல் வேலையாகப் போனில் இருக்கும் பழைய வியூ3-ஐ மாற்றுங்கள். புது உரிமம் கையில் வந்தபிறகு பழைய அழைப்புக்குறியில் ஒரு புள்ளி விடுவதும் சரியில்லை, அது இணையம் வழியாகப் போனாலும் சரி. நாங்கள் தேர்வு எழுதிய காலத்தில் அழைப்புக்குறி தவறாகச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவரே திட்டுவார்.

பாஸ்கோடை மாற்றிய பிறகும் உங்கள் நிலையம் வரைபடத்தில் வராமல் போகலாம், அப்போது குழம்ப வேண்டாம். நிலையத்தின் இருப்பிடத்தை அறிவிக்கும் பீபீக்கன் வரி, வேறு எதுவும் சொல்லாவிட்டால், ரேடியோ வழியாகத்தான் அனுப்பும். உங்களிடம் இருப்பதோ கேட்கிற டாங்கிள் மட்டும், வாய் இல்லை. அந்த வரியில் சென்ட்டூ என்பதற்கு ஐஜி என்று கொடுத்தால்தான் இணையம் வழியாகப் போகும். ரேடியோ மாட்டியவருடைய கான்ஃபிகைப் பார்த்து எழுதும்போது பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

கேபிள்காரன்:

ஹால் பிரச்சினைக்கு நான் வருகிறேன், ரேடியோ எனக்குத் தெரியாது, மச்சான் ஹாம் என்பதால் இங்கே சும்மா படிப்பேன். வீட்டில் இரண்டு ரௌட்டர் இருக்கிறது, சரியா? கீழே ஃபைபர் பெட்டி, அதிலிருந்து கேபிள் இழுத்து மாடியில் கடையில் வாங்கிய ரௌட்டர். மாடியில் இருக்கும்போது மடிக்கணினியின் ஐபி என்ன, கீழே வந்தால் என்ன, பாருங்கள். மாடியில் 192.168.0 என்றும் கீழே 192.168.1 என்றும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

மாடி ரௌட்டர் தனக்குள்ளே தனி வலையமைப்பு நடத்துகிறது. உள்ளே இருப்பவர்கள் வெளியே போகலாம், வெளியே இருந்து, அதாவது உங்கள் சொந்த ஹாலில் இருந்தே, உள்ளே வர முடியாது. பையைக் கீழே ஃபைபர் பெட்டியில் மாட்டியிருந்தால் மாடியில் இருந்து எட்டியிருக்கும், உங்களுக்கு எதிர்ப்பக்கமாக அமைந்துவிட்டது. அதற்காக மாடி ரௌட்டரில் போர்ட் திருப்பிவிடாதீர்கள், அது ஓட்டை போட்டு அதில் பாலம் கட்டுகிற வேலை. மாடி ரௌட்டரில் டிஹெச்சிபி-யை அணைத்துவிட்டு, அதன் முகவரியை 192.168.1.2 போல ஃபைபர் பெட்டியோடு மோதாத எண்ணாக மாற்றிவிட்டு, கீழிருந்து வரும் கேபிளை 'வான்' (WAN) துளையில் இருந்து உருவி 'லான்' (LAN) துளை ஒன்றில் செருகுங்கள். ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று பட்டனே இருந்தால் அதைத் தட்டினாலே போதும். வீடு முழுக்க ஒரே வலையமைப்பு ஆகிவிடும். அப்புறம் ஃபைபர் பெட்டியில் பையின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் புது எண்ணைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மேலூரில் மே மாதம் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலூர்க்காரன்:

கேபிள்காரன் ஐயா, பந்தயத்தில் ஜெயித்தீர்கள், எண்கள் அப்படியே நீங்கள் சொன்னதுதான். கேபிளை மாற்றிச் செருக ஐந்து நிமிடம், மாடி ரௌட்டரின் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். இப்போது ஹாலில் சோபாவில் சாய்ந்துகொண்டே பாக்கெட் பார்க்கிறேன்.

புது பாஸ்கோடு போட்டதும் 'வெரிஃபைட்' வந்தது. தாத்தா சொன்னபடியே நிலையம் அப்போதும் வரவில்லை, சென்ட்டூ ஐஜி சேர்த்தேன், வந்துவிட்டது. ஆனால் வந்த இடம்தான் சிரிப்பு, என் வீடு சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பொட்டல் காட்டில் நிற்கிறது. போனில் வரைபடத்தைப் பார்த்து எடுத்த எண்கள்தான், 10.05, 78.33. டைர்வுல்ஃபில் 10^05.00, 78^33.00 என்று போட்டேன். ஜிபிஎஸ்ஸே இல்லாத பெட்டி எப்படி நகரும்?

திருநகர் தாத்தா:

பெட்டி நகரவில்லை தம்பி, கணக்கு நகர்ந்திருக்கிறது. போன் காட்டுவது தசமப் பாகை. அந்த ^ குறிக்குப் பின்னால் வர வேண்டியது நிமிடம். ஒரு பாகைக்கு அறுபது நிமிடம், நூறு இல்லை. 0.05-ஐ அறுபதால் பெருக்கினால் 3.00, 0.33-ஐப் பெருக்கினால் 19.80. ஆகவே 10^03.00, 078^19.80. நீங்கள் தீர்க்கரேகையில் 13.2 நிமிடம் கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். நம் அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 1.83 கிலோமீட்டர், பெருக்கிப் பாருங்கள், கிழக்கே 24 கிலோமீட்டர். பொட்டல் காடு சரியாகத்தான் வந்திருக்கிறது.

மதுரைக்காரனாக இருந்திருந்தால் 9.92 என்று வந்து, 92 நிமிடம் ஏதடா என்று அப்போதே சந்தேகம் தட்டியிருக்கும். மேலூரில் இரண்டு எண்ணும் அறுபதுக்குள் அடங்கிவிட்டதால் சத்தமில்லாமல் ஏமாற்றிவிட்டது. பெருக்கச் சோம்பலாக இருந்தால் ^ குறியே போடாமல் 10.05 என்று தசமமாகவே எழுதுங்கள், டைர்வுல்ஃப் அதையும் வாங்கிக்கொள்ளும்.

மேலூர்க்காரன்:

வீடு மேலூருக்குத் திரும்பிவிட்டது! கைரேடியோவில் அனுப்பியதும் கியூஏஓ போட்டு என் ஐகேட் பெயரோடு ஏறுகிறது. இனி ஒன்றே ஒன்று. நண்பர் ஒருவர் காரில் 25 வாட் ரேடியோ வைத்திருக்கிறார். மாட்டுத்தாவணியில் இருந்து கிளம்பி மேலூர் வரும்போது ஒத்தக்கடை தாண்டும் வரை ஒரு பாக்கெட்கூட வருவதில்லை, அப்புறம் வரிசையாக வருகிறது. டைர்வுல்ஃபில் ஆடியோ லெவல் 50 பக்கம்தான் இருக்கிறது. எதைத் திருகுவது?

சிம்மக்கல் சால்டரிங்:

யானைமலையைத் திருக முடியுமா அண்ணே? வரைபடத்தில் மாட்டுத்தாவணிக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரு நேர்கோடு போடுங்க, ஆனை அந்தக் கோட்டின் மேல்தான் படுத்திருக்கிறது. 144 மெகாஹெர்ட்ஸ் அவ்வளவு பெரிய பாறையைச் சுற்றி வராது. ஆண்டெனாவை இரண்டு மீட்டர் தூக்கினாலும் பெரிசாக மாறாது. கேபிள் என்ன, ஆர்ஜி-58-ஆ? பதினைந்து மீட்டர் இருந்தால் வந்த சிக்னலில் பாதி அதிலேயே போய்விடும், டாங்கிளை மேலே ஆண்டெனா பக்கம் கொண்டுபோங்க, ஆனால் பையை மொட்டை மாடியில் வைக்காதீங்க, நம்ம ஊர் வெயிலில் அப்பளம் ஆகிவிடும்.

மலைக்கு இந்தப் பக்கம் இன்னொரு காது வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் ஒரு டாங்கிள் சும்மா கிடக்கிறது, பழைய பை ஒன்றும் இருக்கிறது. கோ.புதூரில் அக்கா வீட்டு மாடியில் வைக்கக் கேட்டிருக்கிறேன். கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று மாமா கேட்கிறார், ஐந்து வாட் என்றால் நம்பமாட்டேன் என்கிறார். சனிக்கிழமை வாட் மீட்டரோடு போகிறேன்.

திருநகர் தாத்தா:

போகும்போது பாஸ்கோடை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு போ.