ஸாம்பீஸ் குழுவின் ‘புட்சர்ஸ் டேல்’ பாடலைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டது ஏன்?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் ஸாம்பீஸ் குழு 1968இல் வெளியிட்ட ‘ஒடெஸி அண்ட் ஆரக்கிள்’ தொகுப்பை அண்மையில் முழுமையாகக் கேட்டேன். காதல் பாடல்களுக்கு நடுவே, முதல் உலகப் போர்க்களத்தில் கை நடுங்கி நிற்கும் ஒரு கசாப்புக்காரர் பாடுவதாக ‘புட்சர்ஸ் டேல்’ வருகிறது. அமெரிக்காவில் டேட் நிறுவனம் இதைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டது என்றும், அது விற்பனைப் பட்டியலில் இடம்பெறவே இல்லை என்றும் படித்தேன். அதே தொகுப்பின் ‘டைம் ஆஃப் த சீசன்’ பாடல் கையில் இருந்தபோது இதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? முழுத் தலைப்பில் ‘வெஸ்டர்ன் ஃப்ரண்ட் 1914’ என்று இருப்பதும் எனக்குப் பொருந்தவில்லை.

மறுமொழி 1:
வியட்நாம்தான் காரணம். 1968 தொடக்கத்தில் வியட்நாம் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய டெட் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் போர் எதிர்ப்பு வலுத்திருந்ததால், போரைப் பற்றிய பாடல் விலைபோகும் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. 1965இல் பாரி மக்வையரின் ‘ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ என்ற எதிர்ப்புப் பாடல் முதலிடம் பிடித்திருந்ததை நினைத்தால், அந்தக் கணக்கை முற்றிலும் பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது கூட்டத்தோடு சேர்ந்து முழங்கக்கூடிய பாடல்; இதுவோ பயந்துபோன ஒரே ஒரு மனிதனின் புலம்பல். முரசு இல்லை, கிதார் இல்லை. நம் பழைய நாடக மேடைகளில் காலால் மிதித்து வாசித்த ஆர்மோனியத்தை நினைவூட்டும் ஒரு துருத்திப் பெட்டியும், சில விசித்திர ஒலிகளும் மட்டுமே. வழக்கமாகப் பாடும் கோலின் பிளன்ஸ்டோனுக்குப் பதிலாக, பாடலை எழுதிய கிறிஸ் வைட்டே பாடினார். அவருடைய மெருகேறாத குரல்தான் பாடலின் உயிர் என்பது என் கருத்து. வானொலிக்கு அது ஒத்துவராததும் அதனால்தான்.

மறுமொழி 2:
ஆண்டைப் பற்றிய ஐயம் நியாயமானது. பாடலில் வரும் கோம்கோர், தியப்வால், மாமெட்ஸ் காடு ஆகிய மூன்றும் பிரான்ஸில் நடந்த 1916ஆம் ஆண்டு சோம் போரின் களங்கள். பாடல் அவற்றோடு குறிப்பிடும் வெர்தனில் நடந்த பெரும் போரும் அதே ஆண்டுக்குரியது. சோமில் முதல் நாளான ஜூலை 1 அன்று மட்டும் ஏறத்தாழ 19,000 பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டனர். ஆகவே 1914 என்பதை நான் பிழையாகவே கருதுகிறேன். ‘ஒடிஸி’ என்ற சொல்லையே அட்டையில் தவறாக எழுதிய தொகுப்பு அல்லவா இது!

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குழுவினர் மேடையேறிப் பாடியிருந்தால் இசைத்தட்டு ஓரளவாவது விற்றிருக்குமா?

மறுமொழி 1:
பாடக் குழுவே இல்லையே! தொகுப்பு வெளிவருமுன்பே, 1967 டிசம்பரில், அவர்கள் பிரிந்துவிட்டார்கள். ஆனாலும் பின்னர் வெளியிடப்பட்ட ‘டைம் ஆஃப் த சீசன்’ 1969இல் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறியது. அப்போது போலிக் குழுக்கள் ஸாம்பீஸ் பெயரில் அமெரிக்காவைச் சுற்றிவந்தன.