புதுப்பிப்பு: கிளட்ச்சும் அந்த முதல் 60 அடியும்

போன மாதம் புலம்பியிருந்தேனே, டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டில் கார் பந்தயம் ஓட்டும் தடம்) பச்சை விளக்கு விழுந்ததும் என் ஹோண்டா சிவிக் காரின் முன்சக்கரங்கள் புகைவிட்டுச் சுற்றுகின்றன, வண்டி நகரவில்லை என்று. எஞ்சின் 4,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இருக்கும்போது கிளட்ச்சைச் சட்டென்று விட்டதுதான் தப்பு என்றீர்கள். சரிதான்.

நேற்று இரவு மறுபடி போனேன். 3,000-இல் வைத்து, கிளட்ச் பிடிக்கும் இடம்வரை மட்டும் விட்டு, அங்கேயே துளி நேரம் நிறுத்தி, வண்டி உருண்டதும் முழுதாக விட்டேன். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பது அதற்கப்புறம்தான். கிளம்பும்போது எடை பின்னால் சாய்வதால், முன்சக்கர வண்டியில் இழுக்கும் டயருக்கே பிடிப்பு குறைகிறது. முன்டயர் காற்றையும் கொஞ்சம் இறக்கினேன். பர்ன்அவுட்டுக்கு, அதாவது டயரை நின்ற இடத்திலேயே சுழற்றிச் சூடாக்குவதற்கு, தண்ணீர் ஊற்றியிருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். ரோட்டு டயரின் பள்ளங்களில் தண்ணீரைச் சுமந்து வந்து கோட்டில் வழுக்குவானேன்?

முதல் 60 அடி 2.6 நொடியிலிருந்து 2.3 ஆனது. கால் மைல், அதாவது 402 மீட்டர், 15.5-இலிருந்து 15.1. விளக்குக்காகப் பதறவும் இல்லை. வண்டி கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதானே ஓட்ட நேரக் கடிகாரம் ஓடுகிறது!

மூன்றாவது ஓட்டத்தில் கிளட்ச் கருகும் வாசனை. அரை மணி நேரம் ஆறவிட்டு, வீட்டுக்கு மெதுவாகவே ஓட்டி வந்தேன்.